முழங்கால் தண்ணீரில் நிற்பவர்

மகனே,

நீ நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு வந்து வீட்டில் தங்கியிருந்தபோது, அம்மா காலையில் நிரப்பி வைத்த குடத்தை மத்தியானத்துக்குள் நீ ஒருவனே காலி செய்தாய். பெண் வீட்டார் எடுத்துக் கொடுத்த சட்டை உன் தோளில் நிற்காமல் சரிந்தது. அளவு தெரியாமல் எடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது, நீதான் இளைத்திருந்தாய். "இன்னாடா இவ்ளோ தண்ணி குடிக்கிறே?" என்று அம்மா கேட்டதற்கு, "ஹார்பர்ல க்ரேன் மேல ஏறி ஒரு நாள் வெயில்ல குந்திப் பாரு, தெரியும்" என்று எரிந்து விழுந்தாய். கிளம்பும்போது பைக்கில் உட்கார்ந்தபடியே இன்னொன்றும் சொன்னாய். "நித்யா படிச்ச வரைக்கும் போதும்மா. கல்யாணத்துக்கு அப்புறம் எம்.எஸ்சி.யெல்லாம் வேணாம். நீயே அவங்க வீட்ல சொல்லிடு." நீ போன பிறகு இருவரும் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமலே எழுந்தோம்.

போனில் பேசினால் "ஷிப்ட்ல இருக்கேன் நைனா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உனக்கு மனம் வராது என்று நம்புகிறேன். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். நித்யா படிக்கட்டும், அவள் வீட்டார் படிக்கட்டும், மீஞ்சூரில் உன் அறையில் இருக்கும் பையன்கள் படித்தாலும் சரி. நம் வீட்டில் இத்தனை காலம் மூடி வைத்ததெல்லாம் போதும். எட்டாவதோடு நின்ற மனிதன் இவ்வளவு எழுதுகிறானே என்று சிரிக்காதே. தினமும் பேப்பர் படிக்க வைத்து, எழுத வைத்து, என்னை இந்த அளவுக்குக் கொண்டுவந்தவள் யார் என்று உனக்கே தெரியும்.

உன் தாத்தாவும் பெரியப்பாவும் நெஞ்சுவலியில் போனார்கள் என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய். ஊர்ப் பேச்சில் சொன்னால், அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஊர் முறை போட்டு நமக்கு ஒதுக்குகிற வலை இடம், நம் பாடு, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் வரும். ஏரியில் மற்ற இடமெல்லாம் இறங்கி நடக்கிற ஆழம்தான். கடல் ஏரிக்குள் வந்து போகிற அந்த வாய்க்கால் மட்டும் கழி போட்டால் தரை தட்டாது. ஒரு நாள் உச்சி வெயிலில் உன் தாத்தா வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறி வந்தார். வாய்க்கால் நடுவில் தன் நைனா நிற்கிறார் என்றார். செத்துப் பல வருடமான மனிதர். முழங்கால் வரைதான் தண்ணீராம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையால் தடவி எறா பிடிக்க இறங்கியவரைப் போலச் சாதாரணமாக நின்று, வா என்று கையைக் காட்டினாராம். என் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பாயசத்துக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நம் சொந்தத்தில் அதுதான் அப்போது வழக்கம். ஒருவன் இப்படிப் பார்த்துவிட்டு வந்தால், உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். சாப்பிட என்ன வேண்டும் என்றுதான் கேட்பார்கள். ஆசை தீர்க்கிறது என்று அதற்குப் பெயர். கூப்பிடப்பட்டவன் எந்த ஆசையும் மிச்சமில்லாமல் போக வேண்டும். குறையோடு போனால் அவனும் அதே வாய்க்காலில் நின்று, அடுத்து வருகிறவனைக் கூப்பிடுவான். அதனால் அண்டை வீட்டுக்காரர்கள்கூட அதிரசம், பால்கோவா, கலர் சோடா என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் கூப்பிட வந்தவருக்குக் கோபம் வரும் என்று பயம். இதற்கு அடையாளங்களும் வைத்திருந்தார்கள். கூப்பிடப்பட்டவனுக்குத் தாகம் அடங்காது, ஏரி அவனுக்குள் இறங்குகிறது என்பார்கள். உடம்பு கரையும். காலில் பட்ட காயம் ஆறாது. கடைசியில், அவன் ஒன்றுக்கு இருக்கிற இடத்துக்கு எறும்பு வரும். மண்ணுக்குள் இருப்பவர்கள் வழி பார்க்க அனுப்பிய எறும்பு என்று சொல்லி, அந்த இடத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். படிக்கிற உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

உன் தாத்தா பாயசம் குடித்துக் குடித்தே போனார். பிறகு உன் பெரியப்பாவுக்குத் தாத்தா தெரிந்தார். அதே இடம், அதே உச்சி வெயில், அதே முழங்கால் தண்ணீர். புருஷன் மேல் உன் பெரியம்மா அளவுக்கு உயிரை வைத்திருந்த இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாரும் நினைக்கவில்லை, அது அவள் குற்றமில்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாய் மாமா, குறையில்லாம போவணும்" என்று அழுதபடியே ஊட்டுவாள். கடைசியில் அவர் மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாசனை வந்தது. சாமி வந்துவிட்டது என்று ஊதுவத்தி ஏற்றினார்கள். கண்ணே திறக்காமல் கிடந்தவர் ஒரு மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, ஏரிப் பக்கம் திரும்பி, "தோ வர்றேன் நைனா" என்று தெளிவாகச் சொன்னார். அதற்குப் பிறகு பேசவில்லை. நான் அவர் கால்மாட்டில் நின்றிருந்தேன். அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உன் அம்மா அதற்குப் பிறகு வந்தவள். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் மகள். லாரிக்காரர்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் பதில் கொடுத்து வளர்ந்தவள். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் படித்து முடித்தாள், மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. இவள் எனக்கு ஏன் கழுத்தை நீட்டினாள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மீன் குழம்பு ஆசையில்தான் என்கிறாள். வந்த புதிதில் ஊர்ப் பெண்கள் டீச்சரம்மா என்று கிண்டல் செய்வார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பாள், குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பாள், எதைச் சொன்னாலும் ஏன் என்பாள். அந்த ஏன் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. பெண்டாட்டி அதிகம் படித்தவளாக இருந்தால் வீட்டில் நம் பேச்சு எடுபடுமா என்று இன்றைக்கு நீ பயப்படுகிறாயே, அந்தப் பயத்தை நான் உனக்கு முன்பே பட்டுவிட்டேன்.

உனக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் என் முறை வந்தது. நம் பாடு இருக்கும் இடத்தில் வலைக் கழி ஊன்றிக்கொண்டிருந்தேன். கூட வந்தவர்கள் படகில் நாஸ்தா முடித்துப் படுத்திருந்தார்கள். திடீரென்று காற்று நின்றது. தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைக் கூட்டம் சத்தமே இல்லாமல் எழுந்து போனது. நிமிர்ந்து பார்த்தால், வாய்க்கால் நடுவில் என் அண்ணன் நிற்கிறார். அவரை எடுத்துப் போனபோது கட்டிவிட்ட மஞ்சள் கரை வேட்டி. முழங்காலுக்கு மேல் ஒரு சொட்டு ஈரமில்லை. நீரோட்டம் கழிகளையெல்லாம் ஆட்டிக்கொண்டிருந்தது, அவரைச் சுற்றி மட்டும் தண்ணீர் அசையவில்லை. சின்ன வயதில் அவர் மட்டும் என்னைக் கூப்பிட்ட ஒரு பட்டப்பெயர் உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயர் உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மகனே, எனக்குப் பயமே வரவில்லை. போகலாம் என்றுதான் இருந்தது. வீட்டையும் உன்னையும் சுத்தமாக மறந்துவிட்டேன். மார்பளவு தண்ணீர் வரை நடந்திருக்கிறேன். வலைக் கயிறு காலில் சிக்கி விழுந்து, உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி இருமியபோதுதான் நினைவு வந்தது. பார்த்தால் அங்கே யாரும் இல்லை. பூநாரைகள் முன்பு இருந்த இடத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் காலைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். நண்டு கடித்த புண் ஒன்று ஆறாமல் கிடந்தது. பிறகு கொல்லைப்புறம் போனாள், மண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். "கும்பிடறதுக்கு ஒண்ணுமில்ல. உன் மூத்திரத்துல சக்கரை போவுது. சக்கரை இருக்கற எடத்துக்கு எறும்பு வரத்தான் செய்யும். இதுக்குப் போயி செத்தவங்கள ஏன்யா இழுக்கறீங்க?" என்றாள். நான் எரிச்சலாகி, எனக்குப் பாயசம் வேண்டும் என்றேன். மரியாதையாகப் போகலாம் என்றுதான் என் மனம் கணக்குப் போட்டது.

செய்தி பரவியதும் உன் பெரியம்மா பித்தளைத் தூக்கில் பாயசத்தோடு வந்துவிட்டாள். அம்மா வாசலை மறித்து நின்றாள். நீ அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது உனக்கு ஞாபகம் இருக்காது.

"நவுருடி. அவனுக்கு ஒரு வாய் ஊட்டிட்டுப் போறேன்."

"வேணாங்க்கா. அது அவருக்கு வெசம்."

"இன்னாடி சொன்னே? என் கையால செஞ்சது வெசமா?" பெரியம்மா தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "கேளு டீச்சரம்மா. பசியோட அனுப்பினீன்னா அவன் தண்ணியிலயே நிப்பான். நாளைக்கு தோ, இந்தப் புள்ளயக் கூப்பிடுவான். அப்ப இன்னா பண்ணுவே?"

அம்மா உன்னைக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் உள்ளேயிருந்து பார்த்தேன். படித்தவளுக்குப் பயம் இருக்காது என்று நினைக்காதே. ஊரே ஒன்று சொல்லும்போது, பெற்ற பிள்ளையின் பெயரை வைத்துச் சொல்லும்போது, யாருக்குத்தான் நடுங்காது? அவள் நடுங்கிக்கொண்டேதான் சொன்னாள். "அவரு எங்கயும் போவலக்கா. ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

பொன்னேரி பஸ்ஸில் என்னைத் தோளில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். அவர் சொன்னதற்கெல்லாம் இவள் திருப்பிக் கேட்டாள். எதற்கு இந்த ஊசி, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், கால் புண்ணை எப்படிக் கழுவுவது, மறுபடி எப்போது ரத்தம் எடுக்க வேண்டும். டாக்டர் ஒருமுறை சலித்துக்கொண்டார். இவள் கம்முனு போகவில்லை. "எனக்குப் புரியற வரைக்கும் கேப்பேன் சார், வீட்டுக்குப் போனா உங்கள எங்க தேடுவேன்?" என்றாள். நானாக இருந்தால் சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்து, பாதி மாத்திரையோடு நிறுத்தியிருப்பேன். அங்கே இருந்த ஒரு நர்ஸம்மா சொன்னது எனக்கு மறக்காது. "உங்கள மாதிரி ஆம்பளைங்க நெறைய பேரு வர்றாங்க. கூட வர்றவங்க கேள்வி கேக்கறவங்களா இருந்தாத்தான் அடுத்த மாசமும் வர்றாங்க."

சர்க்கரை அவ்வளவு ஏறினால் பார்வை மங்கும், புத்தி தடுமாறும், இல்லாதது தெரியும் என்று டாக்டர் விளக்கினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? சர்க்கரை இறங்கி, புண் ஆறி, மறுபடி தொழிலுக்குப் போன பிறகும் ஒருநாள் என் அண்ணன் அதே வாய்க்காலில் நின்றார். அந்த முறை என்னைப் பார்க்கவில்லை, கையைக் காட்டவும் இல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கெளுத்தி அறுத்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. "நிக்கட்டும். நின்னா நமக்கின்னா? நீ மாத்திரையைப் போட்டியா?" என்றாள். அன்றோடு எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கொஞ்ச காலம் ஊரார் யாரும் நம் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் சாகாமலே இருக்கவும், மெல்ல மெல்ல ஒவ்வொருவராக மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து அவளிடம் காட்ட ஆரம்பித்தார்கள். கடைசியாக வந்தவள் உன் பெரியம்மா. "எங்க மாமாவுக்கும் அதேதான் இருந்துச்சா? நான் ஊட்டினதுலயா போனாரு?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற உன் அம்மா அன்றைக்கு யோசிக்கவே இல்லை. "இல்லக்கா, அவருக்கு வேற. அது யாராலயும் ஆவாதது" என்றாள். பெரியம்மா அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்து, போன வருடம்தான் கண்ணை மூடினாள். அவள் போய்விட்டதால்தான் இதை என்னால் எழுத முடிகிறது. படிப்பு என்றால் எனக்கு இவை இரண்டும்தான். டாக்டரிடம் வாயைத் திறந்து கேட்கிற தைரியம் ஒன்று. தெரிந்ததை யாரிடம் சொல்லக்கூடாது என்கிற இரக்கம் இன்னொன்று.

என் நைனா வாழாத வயதை நான் வாழ்கிறேன். என் அண்ணன் வாழாத வயதையும் வாழ்கிறேன். என் உடம்பு அவர்களுடையதைவிட உசத்தி இல்லை, நான் சாமர்த்தியசாலியும் இல்லை. என் பெண்டாட்டி படித்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். அதை நினைத்தால் நன்றியாகவும் இருக்கிறது, உன் பெரியம்மாவை நினைத்தால் துக்கமாகவும் இருக்கிறது. அதனால் நித்யாவின் படிப்பை நிறுத்தச் சொல்லி அவர்கள் வீட்டில் அம்மா சொல்ல மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பதிலாக நான் ஒன்று செய்தேன். உன்னிடம் கேட்காமல் நித்யாவுக்குப் போன் போட்டேன். உன் தாகத்தைப் பற்றி அவளை எச்சரிக்கலாம் என்று நினைத்து, நம் வீட்டுக் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். தாத்தாவுக்குத் தெரிந்தது, பெரியப்பாவுக்குத் தெரிந்தது, முழங்கால் தண்ணீர் என்று சொல்லும்போதே அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று, "நித்யா, இருக்கியாம்மா?" என்றேன்.

"இருக்கேன் மாமா." குரல் மாறியிருந்தது. "அவரு உங்ககிட்ட சொல்லலியா?"

"எதை?"

"க்ரேன் மேல இருக்கும்போது பார்த்தாராம் மாமா. மத்தியான நேரம். கப்பல் வந்து நிக்கற ஆழத்துல ஒருத்தரு நிக்கறாரு, முட்டி வரைக்கும்தான் தண்ணின்னாரு. ரெண்டு மூணு தடவை பார்த்துட்டாராம். நான் பயந்துட்டேன். ஒடம்பு இளைக்குது, இவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க, மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கன்னேன். ரெண்டு புக்கு படிச்சா நீ டாக்டரானு கத்திட்டாரு. அன்னிக்கிதான் எம்.எஸ்சி. வேணாம்னு சொன்னாரு."

"நிக்கறது யாருன்னு சொன்னானாம்மா?" என்று கேட்டேன். என் அண்ணன் பெயரைத்தான் எதிர்பார்த்தேன்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்கதான்னாரு மாமா."

போனை வைத்துவிட்டு நான் கண்ணாடி முன்னால் போய் நின்று என் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். அம்மா என்ன என்று கேட்டாள், சொன்னேன். இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவளிடமிருந்து உடனே பதில் வரவில்லை. பிறகு, "அதுவும் சக்கரைதான்" என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நம் வீட்டில் யாருமே அதுவரை உயிரோடு இருப்பவரை அப்படித் தண்ணீரில் பார்த்ததில்லை என்பதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

எனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று பயந்துதான் என்னிடம் மறைத்திருக்கிறாய். பைத்தியக்காரா, ஆபத்து எனக்கு இல்லை, உனக்குத்தான். சனிக்கிழமை காலை அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் நித்யா உனக்காக நிற்பாள். ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிற்றோடு போ. அவள் டாக்டரிடம் கேள்வி கேட்கும்போது குறுக்கே பேசாதே, எவ்வளவு கேட்டாலும் கேட்க விடு. கல்யாணம், எம்.எஸ்சி., யார் பேச்சு எடுபடுவது, எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதுவரை அங்கே நிற்பது உன்னைக் கூப்பிடும். என் முகத்தோடு கூப்பிடும், என் குரலில் கூப்பிடும், நான் மட்டும் உன்னைக் கூப்பிடுகிற பெயரைக்கூடச் சொல்லும். போகத்தான் தோன்றும். போகாதே, கண்ணு. உன் நைனா சாகவில்லை. இங்கே கரையில், உன் அம்மா பக்கத்தில், உயிரோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது யாராக இருந்தாலும் நான் இல்லை.

உன் நைனா